216 பீஸ் பெட்டியும் வீட்டில் நிற்கும் காரும்

வீட்டிலேயே ஆயில் மாற்றவும் பிளக் கழற்றவும் பிரேக் பேடு போடவும் கிளம்புகிறவர் முதலில் போய் நிற்பது சாக்கெட் செட் அடுக்கிய ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் முன்னால்தான். சாக்கெட் என்பது போல்ட் தலையில் மாட்டி, ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் ராட்செட் எனும் கைப்பிடியால் சுற்றுகிற உருளை. மூடியில் 94 பீஸ், 108 பீஸ், 216 பீஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணை மறந்துவிட்டு மூடியைத் திறந்து எண்ணுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிட்டுகள் ஒரு பக்கம், ஆலன் கீகள் ஒரு பக்கம், ஒரே அளவு மூன்று விதமாக ஒரு பக்கம் என்று கணக்கு ஏறியிருக்கும். இன்ச் அளவு சாக்கெட்டுகளும் சேர்ந்திருந்தால் இன்றைய காரில் அவற்றுக்கு அநேகமாக வேலையே இல்லை. 1920-இல் ஜோசப் ஜான்சன் ஸ்னாப்-ஆன் கம்பெனியைத் தொடங்கியபோது விற்றது ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட். மாற்றி மாற்றி மாட்டினால் ஐம்பது ஸ்பேனரின் வேலை நடக்கும் என்பதுதான் பேச்சு. குறைந்த சாமானில் நிறைய வேலை என்று பிறந்த சரக்கு, இப்போது எண்ணிக்கையைக் காட்டி விற்கப்படுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுக் கார் வேலைக்கு முதுகெலும்பு 3/8 இன்ச் டிரைவ், ஆறு முனை, 8 முதல் 19 மி.மீ. வரை ஓர் அளவும் விடாத செட். அதில் குட்டையும் வேண்டும், டீப் எனும் நீள வகையும் வேண்டும். வீலுக்கும் இறுகிய பெரிய போல்ட்டுகளுக்கும் அரை இன்ச்சில் நாலைந்து சாக்கெட். டேஷ்போர்டு, கிளாம்ப் போன்ற சில்லறை வேலைக்குக் கால் இன்ச்சில் சின்ன செட். இவ்வளவு போதும். கடையில் அதிகம் கண்ணில் படுகிற பெட்டிகள் பல இதற்கு நேர்மாறாக இருக்கின்றன: கால் இன்ச்சும் அரை இன்ச்சும் நிரம்பியிருக்கும், நடுவில் உள்ள 3/8 இருக்காது. தச்சர் கணக்கில் மூன்று நூல் என்கிற அந்த அளவுதான் இன்ஜின் பக்கத்து வேலையில் பெரும்பகுதியைத் தாங்கும்.

ஏன் என்பதற்குக் கைக்கணக்கே போதும். டிரைவ் என்பது ராட்செட்டின் சதுர முனை சாக்கெட்டுக்குள் போகிற அளவு. கால் இன்ச் என்றால் 6.35 மி.மீ., 3/8 என்றால் 9.5, அரை இன்ச் என்றால் 12.7. டிரைவ் பெரிதானால் கைப்பிடியும் நீளும். இக்னிஷன் காயிலைப் பிடித்திருக்கும் எம்6 (6 மி.மீ. மரை) போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே அதிகம். 250 மி.மீ. நீள அரை இன்ச் ராட்செட்டின் நுனியில் வெறும் 4 கிலோ அழுத்தம் கொடுத்தால் அந்த 10 வந்துவிடும். 4 கிலோவும் 8 கிலோவும் கைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் போல்ட்டுக்குத் தெரியும். தலை கையோடு வந்துவிடும், இல்லையென்றால் அலுமினியத்தில் மரை உரிந்துவிடும். அதே அழுத்தத்தை 140 மி.மீ. கால் இன்ச் ராட்செட்டில் கொடுத்தால் பாதியளவு முறுக்குதான் போகும். வீல் நட்டில் கதை தலைகீழ். 100 நியூட்டன் மீட்டர் வேண்டிய நட்டை 200 மி.மீ. ராட்செட்டால் அசைக்க 50 கிலோ தள்ள வேண்டும்; அரை மீட்டர் பிரேக்கர் பாரில் (ராட்செட் இல்லாத நீளக் கைப்பிடி) 20 கிலோ. இதற்கு நடுவே வருகிற 15 முதல் 60 நியூட்டன் மீட்டர் வேலைகள், அதாவது டிரெய்ன் பிளக், ஸ்பார்க் பிளக், காலிப்பர் பின், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் எல்லாம் 3/8-இன் ராஜ்ஜியம்.

இடமும் ஒரு காரணம். கால் இன்ச் 10-ஆம் நம்பர் சாக்கெட்டின் வெளி விட்டம் சுமார் 14 மி.மீ. அரை இன்ச் 10-இன் பின்பக்கம் 22-ஐ ஒட்டி வரும். ஹோஸ் கிளாம்புக்கும் வயர் கட்டுக்கும் இடையில் அந்த 8 மி.மீ. வித்தியாசம்தான் கை உள்ளே போகுமா போகாதா என்று முடிவு செய்கிறது.

அடுத்தது ஆறு முனையா, பன்னிரண்டு முனையா. இதில் தயக்கமே வேண்டாம், ஆறு. பன்னிரண்டு முனை சாக்கெட் 30 டிகிரிக்கு ஒரு முறை போல்ட்டில் உட்காரும் என்பது அதன் ஒரே வசதி. ரிங் ஸ்பேனரில் அது பெரிய வசதி. சாக்கெட்டில் ராட்செட் இருக்கும்போது அந்த வசதியால் என்ன லாபம்? நஷ்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. பன்னிரண்டு முனையில் ஒவ்வொரு பள்ளமும் ஆழம் குறைவு. விசை போல்ட்டின் மூலைக்கு மிக அருகில் விழும். துருவேறி மூலை கொஞ்சம் தேய்ந்த போல்ட்டில் அது வழுக்கி, தலையை உருண்டையாக்கிவிடும். ஆறு முனையிலும் நல்ல சாக்கெட்டின் உட்சுவர் மூலையில் லேசாகக் குடையப்பட்டிருக்கும். விசை மூலையை விட்டுத் தள்ளி, தட்டையான பக்கத்தில் விழுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். வெளிச்சத்தில் வாயைப் பார்த்தால், ஆறு மூலைகளிலும் சின்ன வளைவு தெரியும். கூர்மையான அறுகோணமாக மட்டும் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. சில இன்ஜின்களில் ஹெட் போல்ட்டோ டிரைவ் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட்டோ பன்னிரண்டு முனைத் தலையோடு வரும். அப்போது அந்த ஓர் அளவை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டால் போதும்.

அளவுகளுக்கு வருவோம். செட்டில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் உங்கள் கார் எந்தக் குடும்பம் என்று தெரிய வேண்டும். எம்8 போல்ட்டின் தலை ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 12, ஐரோப்பியக் கார்களில் 13. எம்10 என்றால் ஜப்பானியத் தலை 14, சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. தலை 16, பழைய ஜெர்மன் தரமான டி.ஐ.என். தலை 17. எம்12-இல் அதே வரிசையில் 17, 18, 19. ஆகவே ஜப்பானியக் கார் வைத்திருப்பவருக்கு 8, 10, 12, 14, 17, 19 ஓயாமல் தேவைப்படும். ஐரோப்பியக் காருக்கு 10, 13, 16, 18 தேய்ந்துபோகும். சில பிராண்டுகளில் 15-உம் அடிக்கடி வரும். மலிவுப் பெட்டிகள் சத்தமில்லாமல் விடுவது இந்த 15, 16, 18-ஐத்தான். பெட்டியின் படத்தைப் பார்த்து இது தெரியாது. ஒவ்வொரு குழியிலும் பொறித்த எண்ணைப் படித்தால்தான் தெரியும்.

இன்ச் சாக்கெட் ஏற்கெனவே கையில் இருந்தால் ஓரிரு இடத்தில் சமாளிக்கலாம். 3/4 இன்ச் என்பது 19.05 மி.மீ., 5/16 இன்ச் என்பது 7.94, முறையே 19-க்கும் 8-க்கும் ஏறக்குறைய பொருந்தும். 9/16 சாக்கெட்டை 14 போல்ட்டில் போடுவதுதான் வழக்கமான வம்பு. இடைவெளி 0.29 மி.மீ. மட்டுமே. கையால் திருப்பினால் பிடித்தது போலவே இருக்கும், பலமாக அழுத்தும் நொடியில் மூலைகள் போய்விடும்.

இனி சாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் பகுதி. 13 அல்லது 14 நம்பர் குட்டை சாக்கெட் ஒன்றை எடுத்து, வாயை மேலே திருப்பிப் பிடியுங்கள். விளிம்பில் உட்பக்கமாக ஒரு சரிவு வெட்டியிருக்கும். போல்ட் எளிதாக உள்ளே நழுவட்டும் என்றுதான் அதை வெட்டுகிறார்கள். ஆனால் சரிவு இரண்டு மி.மீ. ஆழம் என்றால் அந்த இரண்டு மி.மீ.யில் பிடிப்பே கிடையாது. காரில் மெல்லிய தலைப் போல்ட்டுகள் நிறைய உண்டு, நான்கு மி.மீ. தலையில் பாதி பிடிமானம் போய்விட்டால் மீதிப் பாதி வழுக்கும். சரிவு குறைவாகவும் வாய் ஏறக்குறைய தட்டையாகவும் இருக்கும் சாக்கெட் நல்லது. வேறு வழியில்லை என்றால், குட்டை சாக்கெட் ஒன்றின் வாயைக் கிரைண்டரில் தட்டையாகத் தேய்த்து மெல்லிய தலைகளுக்கென்று ஒதுக்குவது பழைய ஒர்க்‌ஷாப் வழி. தேய்க்கும்போது நீலம் பூக்கும் அளவுக்குச் சூடேறவிட்டால் உலோகத்தின் பதம் போய்விடும். அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும்.

பிறகு எக்ஸ்டென்ஷன் எனும் நீட்டுக் கம்பியின் ஒரு நுனியில் அந்த சாக்கெட்டை மாட்டி, மறு நுனியை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். சாக்கெட்டின் வாய் தள்ளாடிச் சுற்றினால் சதுரத் துளை நடுவில் விழவில்லை என்று பொருள். சாக்கெட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசான அசைவு இருக்கலாம், கடகடவென்று ஆடக்கூடாது. ராட்செட்டின் குண்டு சாக்கெட்டின் உட்பள்ளத்தில் கிளிக்கென்று உட்கார வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறியதும் விழுகிற சாக்கெட், இன்ஜின் அடியில் உள்ள தட்டுக்குள் விழத்தான் போகிறது. எண் எப்படிப் பொறித்திருக்கிறது என்பதையும் பாருங்கள். மேலோட்டமாக அச்சிட்ட எண் கிரீஸ் துடைப்பிலேயே அழியும்; ஆழமாக அடித்ததோ பெரிய எழுத்தில் செதுக்கியதோ நிற்கும். மங்கிய வெளிச்சத்தில் 16-ஐயும் 18-ஐயும் பிரித்துப் படிக்க முடியாத செட் தினமும் எரிச்சல் தரும்.

‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பி வாங்குவதில் பயனில்லை. எந்த உலோகம் என்பதில் பாதி விஷயம், அதை எப்படிச் சூடாக்கிப் பதப்படுத்தினார்கள் என்பதில் மீதிப் பாதி. பதம் குறைந்தால் சாக்கெட்டின் வாய் விரிந்து மணி போலாகும், அதன்பின் எல்லாப் போல்ட்டிலும் வழுக்கும். பதம் மிகுந்தால் சுவர் நெடுக விரிசல் விழும். பெரும்பாலும் சதுரத் துளையின் மூலையிலிருந்துதான் அது தொடங்கும். முறுக்குச் சோதனைக்கான அளவுகோலாக ஐ.எஸ்.ஓ. 1711 இருக்கிறது, கையால் திருப்பும் சாக்கெட்டுக்கு ஜெர்மன் டி.ஐ.என். 3124, அடித்துத் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்சுக்கான சாக்கெட்டுக்கு டி.ஐ.என். 3129. இவற்றைக் குறிப்பிட்டிருக்கும் தயாரிப்பு குறைந்தபட்சம் ஓர் அளவுகோலுக்குத் தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது.

இம்பாக்ட் ரெஞ்ச் வைத்திருப்பவர் பளபளக்கும் குரோம் சாக்கெட்டை அதில் மாட்டவே கூடாது. அந்த முலாம் அடிமேல் அடி விழும்போது செதில் செதிலாகத் தெறிக்கும். கத்தி போல் கூரான அந்தச் செதில் கண்ணுக்கோ உள்ளங்கைக்கோ போனால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. இம்பாக்ட் சாக்கெட் கறுப்பாக, சுவர் தடித்து, பின்பக்கம் குறுக்குத் துளையோடு இருக்கும். பெரும்பாலும் குரோம் மாலிப்டினம். குரோம் முலாம் இல்லாததால் ஈரத்தில் துருப் பிடிக்கும். துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் பூசி வைத்தால் போதும். கறுப்பு சாக்கெட்டைக் கை ராட்செட்டில் தாராளமாக மாட்டலாம், தடித்த சுவர் இடத்தை அடைக்கும் என்பது மட்டுமே குறை.

அந்தக் குறை பெரிதாகத் தெரியும் இடம் அலாய் வீல். நட் உட்காரும் குழி குறுகலானது. தடித்த சாக்கெட் உள்ளே போகாது, போனாலும் பெயின்ட்டை உரசும். பிளாஸ்டிக் உறை போட்ட, சுவர் மெல்லிய 17, 19, 21 மூன்றும் சேர்ந்த வீல் சாக்கெட் செட் தனியாகவே கிடைக்கும். நல்ல வாங்கல். ஹோண்டாவில் பெரும்பாலும் 19, டொயோட்டாவில் 21, ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் 17. சில கார்களின் வீல் நட்டுக்கு மேலே மெல்லிய எவர்சில்வர் தொப்பி போட்டிருப்பார்கள். அடியில் துருவேறி தொப்பி உப்பிவிட்டால் 19 நட்டில் 19 சாக்கெட் ஏறாது. பலர் சாக்கெட்டைத்தான் குறை சொல்வார்கள். சுத்தியலால் தட்டி ஏற்றலாம், கழற்றியும் விடலாம். ஆனால் அந்த நட்டைத் திரும்பப் போடாமல் ஒரே உலோகத்தில் செய்த நட்டாக மாற்றிவிடுங்கள். டயர் பஞ்சரான இரவில் காரோடு வந்த ஸ்பேனர் அதில் ஏறாது.

டீப் சாக்கெட் இல்லாமல் வேலை நின்றுபோகும் இடங்கள்: நட்டைத் தாண்டி ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) நீட்டிக்கொண்டிருக்கும் சைலன்ஸர் மூட்டு, யு-போல்ட், ஷாக் அப்சார்பரின் மேல்முனை. 3/8-இல் குட்டை சுமார் 28 மி.மீ., டீப் 60 மி.மீ.க்கு மேல். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சில டீப் சாக்கெட்டுகளில் அறுகோணம் வாயிலிருந்து ஒரு சென்டிமீட்டர்தான். அதற்குள்ளே துளை குறுகிவிடும். வெளியே பார்க்க நீளம், உள்ளே ஸ்டட் முட்டும். ஒரு நீளப் போல்ட்டை உள்ளே விட்டு அடிவரை போகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். பிரேக்கில் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளை முதல் அசைவுக்குக் கழற்றவும் டீப்தான் பாதுகாப்பு: 8, 10 அல்லது 11 ஆறு முனை டீப் சாக்கெட்டால் இளக்கிவிட்டு, அதன்பின் ரிங் ஸ்பேனரை மாட்டி டியூப் இணைத்துக்கொள்ளலாம். நேரே ஓப்பன் ஸ்பேனரைப் போட்டால் துருவேறிய நிப்பிள் உருண்டையாவது நிச்சயம்.

ஸ்பார்க் பிளக் சாக்கெட் தனி ஜாதி. 14 மி.மீ. மரை கொண்ட பிளக்குகளில் இன்று அதிகம் 16 மி.மீ. தலை, பழைய இன்ஜின்களில் 21, 12 மி.மீ. மரைப் பிளக்குகளில் 14 மி.மீ. தலை, அதிலும் சில பன்னிரண்டு முனை. உள்ளே பிளக்கைப் பிடிக்க ரப்பர், காந்தம் அல்லது ஸ்பிரிங் கிளிப் இருக்கும். ரப்பர் வைத்ததில் வரும் தொல்லை எல்லா இன்ஜினிலும் ஒன்றுதான். ஆழமான கிணற்றுக்குள் புதுப் பிளக்கை முறுக்கிவிட்டு எக்ஸ்டென்ஷனை இழுத்தால் எக்ஸ்டென்ஷன் மட்டும் வரும், சாக்கெட் பிளக்கோடு தங்கிவிடும். மூட்டில் டேப் சுற்றலாம். பூட்டு வைத்த எக்ஸ்டென்ஷன் இன்னும் நல்லது. காந்தம் வைத்ததில் இந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் இன்ஜின் ஆறியபின், ராட்செட்டை மாட்டாமல், எக்ஸ்டென்ஷனை விரலால் பிடித்தே மரையைப் பிடிக்க வைக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20 என்பது பொது அளவு. கார் கையேடு வேறு சொன்னால் அதுதான் முடிவு. சாக்கெட் சாய்ந்து நின்றால் உள்ளே பீங்கான் விரிசல் விடும். வெளியில் தெரியாது, இன்ஜின் மிஸ் ஆகும்போதுதான் தெரியும்.

போல்ட் தலையின் குழிக்குள் இறங்கும் முனை கொண்ட பிட் சாக்கெட்டுகளில் மொத்தமாக எதையும் வாங்க வேண்டியதில்லை. நட்சத்திர வடிவ டார்க்ஸில் டி20 முதல் டி50 வரையும், அறுகோண ஆலனில் 5, 6, 8, 10-உம் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். ஐரோப்பியக் காருக்கு ஆலன் 7-ஐச் சேருங்கள். காலிப்பரின் கைடு பின் பலவற்றில் 7 மி.மீ. ஆலன்தான், பெட்டிகளில் அது அபூர்வம். ரெனால்ட் கார்கள் பலவற்றில் டிரெய்ன் பிளக் 8 மி.மீ. சதுரக் குழி. ஃபோக்ஸ்வேகன் பக்கம் எக்ஸ்.இசட்.என். எனும் பன்னிரண்டு பல் பிட் வரும். அதை டார்க்ஸ் என்று நினைத்து டார்க்ஸ் பிட்டை அடித்து இறக்கினால், போல்ட்டை டிரில் போட்டு எடுக்கும் வேலை தானாக வந்து சேரும். பிட்டை மாட்டும் முன் குழியில் உள்ள அழுக்கைக் கம்பியால் சுரண்டி எடுக்கவேண்டும். அடிவரை இறங்காத பிட் நுனியை மட்டுமே பிடிக்கும்.

ராட்செட்டில் பல் எண்ணிக்கையைப் பற்றி விளம்பரம் அதிகம். 36 பல் என்றால் ஒவ்வொரு கிளிக்குக்கும் 10 டிகிரி, 200 மி.மீ. கைப்பிடியின் நுனி 35 மி.மீ. நகர வேண்டும். 72 பல்லில் அது 17 மி.மீ. இந்த வித்தியாசம் காரில் நிஜமாகவே உதவும். அதற்கு மேலே 90-க்கும் 120-க்கும் போவது வசதிதான். தலையின் தடிமனும், கைப்பிடியைப் பின்னால் கொண்டுபோகும்போது வரும் எதிர்ப்பான பின்னிழுப்பும் அதைவிட முக்கியம். பின்னிழுப்பு அதிகமான ராட்செட், லேசாக மாட்டிய நட்டையே திரும்பக் கழற்றிவிடும். நட்டை விரலால் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெதுவாகப் பின்னால் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இறுகிய போல்ட்டை ராட்செட்டால் இளக்காதீர்கள். முதல் அசைவு பிரேக்கர் பாரின் வேலை. எக்ஸ்டென்ஷன் 75, 150, 250 மூன்றும் போதும். நேராக நீட்டும் எக்ஸ்டென்ஷனால், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சின் கணக்கு மாறாது. ஆனால் குறுக்கே நீட்டும் காக்கைக்கால் ஸ்பேனரில் கணக்கு மாறும்.

பிராண்டு கேட்பவர்களுக்கு: இடம் நெருக்கடியான புதுக் கார்களுக்கு ஜப்பானின் கோக்கன் இசட்-ஈல் வரிசை எடுப்பானது. குட்டை, மெலிசு, விளிம்புச் சரிவும் குறைவு. கியர்ரெஞ்சின் 90 பல் ராட்செட் வீட்டுக்குத் தாராளம். அதன் 120 எக்ஸ்பி ஆடம்பரம். டெக்டன், தொலைந்த ஓர் அளவைத் தனியாகவும் விற்கிறது. செட்டையே திரும்ப வாங்க வைக்காத கம்பெனி என்பதே பெரிய தகுதி. ஹசெட், ஸ்டால்வில்லே, கெடோரே தரத்தில் கேள்வி இல்லை. ஆனால் வருஷத்துக்கு நாலு முறை ஆயில் மாற்றுகிறவர் அந்தப் பணத்தில் நடுத்தர சாக்கெட்டையும் நல்ல டார்க் ரெஞ்சையும் வாங்கலாம். டொயோட்டாவின் 14 மி.மீ. டிரெய்ன் பிளக்கும் ஹோண்டாவின் 17-உம் 40 நியூட்டன் மீட்டரை ஒட்டியே கேட்கின்றன. அந்த 40-ஐக் கை சரியாகச் சொல்லாது, இன்ஜின் அடியில் உள்ள ஆயில் பாத்திரத்தில் மரை போனபிறகுதான் சொல்லும்.

பேட்டரியில் ஒரே ஓர் எச்சரிக்கை. டெர்மினல் நட் பெரும்பாலும் 10 மி.மீ.; நீள எக்ஸ்டென்ஷனோடு பிளஸ் முனையில் போட்டு, மறுமுனை பானெட்டிலோ பாடியிலோ பட்டால் வெல்டிங் வைத்தது போல் பொறி பறக்கும். மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். குட்டை சாக்கெட்டும் சின்ன ராட்செட்டுமே அந்த இடத்துக்குப் போதும்.

பெட்டியோடு கூடவே ஒன்று தனியாக வாங்குவதென்றால் அது 10 நம்பர் டீப் சாக்கெட்டாக இருக்கட்டும். கால் இன்ச்சில் ஒன்று, 3/8-இல் ஒன்று. காரில் அதிகம் உள்ள அளவு அது, இன்ஜின் சந்துக்குள் விழுந்து காணாமல் போவதும் அதுதான்.